ஈரப் பட்டை

இந்த வருஷம் பத்தொன்பது புத்தகம் படித்தேன். ஒரு கதை எழுதினேன். அது அச்சிலும் வந்துவிட்டது. அதில் ஒரு தப்பு இருக்கிறது. புத்தகம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். திருத்தப் பார்த்தேன், நடக்கவில்லை. இந்த வருஷத்தைப் பற்றி என்னிடம் கேட்டால் சொல்வதற்கு இதுதான் இருக்கிறது.

ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பேக்கிங் பகுதி. பெட்டிக்கு நூறு கையுறை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், இடைநிலைப் பள்ளியில் மூன்று வருஷம், அதோடு படிப்பு முடிந்தது. என் தமிழ் ஆறாம் ஆண்டில் நின்ற தமிழ்.

படிக்க ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பேக்கிங் பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. கீழே லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். கான்டீன் மேல்மாடியில். ஓய்வு பதினைந்து நிமிஷம். இறங்கி எடுத்துக்கொண்டு ஏறுவதற்குள் மணி அடித்துவிடும். புத்தகத்தை மட்டும் யாரும் தடுக்கவில்லை. வெளியே போகும்போது காவலாளி பையைத் திறந்து, புத்தகத்தைத் தள்ளிவிட்டு, அடியில் கையுறை இருக்கிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான்.

நூலகத்தில் தமிழுக்கு ஒரே ஓர் அலமாரி. அதில் கதைப் புத்தகம் குறைவு. இருப்பதில் பாதிக்கு மேல் ரப்பர்த் தோட்டக் கதைகள். நான் படித்த பத்தொன்பதில் பதினொன்று தோட்டம். எல்லாவற்றிலும் மழை பெய்யும். பால் வாளி கவிழும். கணக்கெழுதும் கிராணி திட்டுவார். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும். கான்டீனில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். யாராவது பார்த்தால் சளி என்று சொல்லி மூக்கைச் சிந்துவேன்.

வருஷத்தின் நடுவில் நூலகப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்கள். கதைகள் தோட்ட வாழ்க்கையைப் பற்றி இருக்க வேண்டும்.

நான் பிறந்தது சுங்காய் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எனக்கு நாலு வயதாகும்போது பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். நாங்கள் வெளியேறினோம். எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு சிமெண்டுத் தொட்டி, மூன்று காலோடு ஒரு நாய். ஒரு பால்மரம்கூட ஞாபகம் இல்லை.

ஆனால் அம்மா அந்தத் தோட்டத்தில் பதினாறு வருஷம் மரம் வெட்டியவர். மரம் வெட்டுவது என்றால் எங்கள் பேச்சில் பால்மரத்தின் பட்டையை உளியால் சீவிப் பால் எடுப்பது. அம்மாவைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு இப்போது ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. அவர் செய்த வேலை ஒரு புத்தகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறு ஆசை இல்லை.

அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டே அறை உள்ள வீடு. கூப்பிட்டால் காது கேட்கும் தூரம். கேட்கத் தோன்றவில்லை. பதினொரு புத்தகம் படித்திருந்தேன், போதும் என்று நினைத்துவிட்டேன்.

நாற்பது நாள் எழுதினேன். கதை இதுதான். விடாத மழை. குழந்தைக்குக் காய்ச்சல். ஒருத்தி வேறு வழியில்லாமல் மழையில் நனைந்துகொண்டே மரம் வெட்டப் போகிறாள். பால் வாளியைத் தூக்கி வரும்போது வழுக்கி விழுகிறாள். செம்மண் தண்ணீரில் வெள்ளையாகப் பால் ஓடுகிறது. அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கே இரண்டு முறை படித்துக்கொண்டேன்.

அம்மா வேலை முடிந்து வந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். நடுவில் ஒரே ஒருமுறை நிமிர்ந்தார்.

"மழையிலயா?"

"ஆமாம்மா."

"ம்."

முடித்ததும் நல்லா இருக்கா என்று கேட்டேன்.

"நல்லாருக்கு. நீ எழுதுனதாச்சே."

அனுப்பினேன். மூன்று வாரத்தில் தொகுப்பாசிரியர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஈப்போ டவுனிலேயே பிறந்தவர், அப்பா ரயில்வேயில் இருந்தாராம். அன்பாகப் பேசினார். "அந்த மழை வருது பாருங்க, அங்கதான்மா கதை நிக்குது" என்றார். அட்டைப்படமே என் கதையை வைத்து வரையப் போவதாகச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே உணவகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ரொட்டி போடுகிறவர்வரைக்கும் சொல்லிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் அச்சுக்குப் போகும் தாள்களை வேனுக்கு எடுத்துப் போனேன்.

எங்கள் தொழிற்சாலை வேனில் ஓர் அக்கா வருவார். ஐம்பது வயதிருக்கும். சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்தில் மரம் வெட்டியவர். வேலை முடிந்து திரும்பும்போது நான் தாள்களைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டார்.

"என்னா அது, கடுதாசியா?"

"கதைக்கா. நான் எழுதினது. புத்தகத்துல வரப்போவுது."

"அலாமாக்! ஒனக்கு எழுதல்லாம் தெரியுமா? சத்தமா படிலா, கேப்போம்."

படித்தேன். வேன் ஓட்டும் அண்ணன் ரேடியோவைக் குறைத்தார். பெருமையாக இருந்தது. இரண்டாவது பக்கம்வரை போகவில்லை.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. மழையில என்னா பண்றா அவ?"

"மரம் வெட்டறாக்கா."

"எந்த மரத்த?"

"பால்மரந்தான்."

"மழை பேஞ்சிக்கிட்டு இருக்கு?"

"ஆமா."

அக்கா முன்சீட்டை அடித்துச் சிரித்தார். "அண்ணே, கேட்டீங்களா? மழையில மரம் வெட்டறாளாம்!"

"வேலை வாங்கறதுக்குப் புது மண்டோர் போல," என்றார் அண்ணன். "அடுத்து ஆத்துல எறங்கி வெட்டச் சொல்லுவான்."

"ஏன்க்கா, வெட்ட மாட்டாங்களா?"

"பட்டை ஈரமா இருந்தா பால் வெட்டுன கோட்டுல ஓடாதுலா. பட்டை முச்சூடும் வழிஞ்சி தரைக்குப் போயிடும். பால் சேர்ற மங்குல மழைத் தண்ணிதான் இருக்கும். எந்த மடச்சி வெட்டுவா?"

"கஷ்டம்க்கா. வேற வழியில்லாம போறா."

"கஷ்டம்னா? வெட்டுனா பால் வரணும்ல? பாலே வராத வேலைக்கு என்னா கஷ்டம்? அப்படியே வெட்டப் போனாலும் மண்டோர் விடமாட்டான். ஈரத்துல வெட்டுனா பட்டை அழுவிப் போவும்." சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தார். "ஒங்கம்மா மரம் வெட்டுனவங்கதானே? அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அம்மா வந்ததும் வாசலிலேயே கேட்டேன்.

"மழையில மரம் வெட்டுவாங்களா?"

"இல்லியே."

"அப்ப ஏன் சொல்லல?"

"கேட்டனே, மழையிலயான்னு. நீ ஆமான்னு சொன்ன."

"நான் சொன்னா? பதினாறு வருஷம் வெட்டுனது நீங்களா நானா?"

அம்மா செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். "நீ அவ்வளவு புத்தகம் படிக்கிற. எனக்கு என்னா தெரியும்? கதைன்னா அப்படித்தான்னு நெனச்சேன். டிவியில எல்லாரும் மழையிலதானே அழுவறாங்க."

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. நூலகத்துக்குப் போய், படித்த பதினொன்றையும் தேடினேன். இரண்டை யாரோ இரவல் எடுத்துப் போயிருந்தார்கள். மீதி ஒன்பதில் நாலில் மழையில் மரம் வெட்டுகிறார்கள். அவர்கள் யாரைப் படித்து எழுதினார்களோ. நான் அவர்களைப் படித்து எழுதினேன். நாளைக்கு யாராவது என்னைப் படித்து எழுதுவார்கள். அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். பணியாளர் வந்து எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டார். எதுவும் வேண்டாம் என்றேன்.

தொகுப்பாசிரியரைக் கூப்பிட்டேன்.

"சார், மழையில மரம் வெட்ட மாட்டாங்களாம்."

"யார் சொன்னா?"

"அம்மா. அப்புறம் வேன்ல ஓர் அக்கா."

சார் சிரித்தார். "இருக்கட்டும்மா. கதைக்கு அது தேவைப்படுது. படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரிஞ்சவங்க படிச்சா சார்?"

"அவங்க எங்கம்மா புத்தகம் படிக்கப் போறாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் படிக்க மாட்டார்கள், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அது உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் திருத்தித் தருகிறேன் என்றேன். அட்டைப்படம் வரைந்தாகிவிட்டது, இரண்டு வாரம்தான் தர முடியும் என்றார்.

இந்த முறை கேட்டேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நோட்டோடு எதிரில் உட்கார்ந்தேன்.

"மழை நாள்ல என்னதான் பண்ணுவீங்க?"

"நிப்போம்."

"எங்க?"

"பெரட்டுல."

பெரட்டு என்பது விடிவதற்கு முன் எல்லாரையும் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடும் இடம். அதுவரை எனக்குத் தெரியும், புத்தகத்தில் இருந்தது. அதற்குமேல் அம்மா சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"ராத்திரி மழை பேஞ்சிருந்தா பேர் கூப்பிட்டுட்டு நிக்கச் சொல்லுவாங்க. மண்டோர் பக்கத்து நெரைக்குப் போயி மரத்துல கைய வச்சிப் பாப்பாரு. ஈரமா இருந்தா நில்லு. ஏழு மணிக்கு ஒருவாட்டி வச்சிப் பாப்பாரு. எட்டு மணிக்கு ஒருவாட்டி. அப்பவும் காயலன்னா வீட்டுக்குப் போ. அன்னைக்கு மரம் இல்ல."

"அப்ப காயணும்னு வேண்டிக்குவீங்க."

"சில நாளைக்கு காயணும்னு. சில நாளைக்கு காயக் கூடாதுன்னு." ஒரு வெங்காயத்தை உரித்துக் கிண்ணத்தில் போட்டார். "நீ வயித்துல ஏழு மாசம். அன்னைக்கு காயவே கூடாதுன்னு நின்னேன். ரெண்டுவாட்டி ஈரம்தான். மூணாவதுவாட்டி கைய வச்சாரு. காஞ்சிடுச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. உளிய எடுத்துக்கிட்டுப் போனேன்."

அம்மா இதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

பழைய கதையைக் காப்பாற்ற வழி இருந்தது. மரம் வெட்டி முடித்த பிறகு மழை வந்தது என்று நாலு வரி மாற்றினால் போதும். அதையும் அம்மாவிடம் கேட்டேன்.

"அது வரும். மங்குல இருக்கிறத வாளியில ஊத்திக்கிட்டு எல்லாரும் ஓடுவோம். ஒருத்தி விழுவா. மத்தவ சிரிப்பா. விழுந்தவளும் சிரிப்பா."

என் கதையில் விழுந்தவள் அழுதாள். தனியாக அழுதாள். ஓர் ஆள்கூட பக்கத்தில் இல்லை. தோட்டத்தில் யார் எப்போது தனியாக இருந்தார்கள் என்று அம்மா கேட்டார்.

அதனால் புதிதாக எழுதினேன். ஓய்வு பதினைந்து நிமிஷத்தில் படிப்பதை விட்டுவிட்டு எழுதினேன். கான்டீன் மேசையில் எண்ணெய் இருக்கும், அதனால் கையுறைப் பெட்டி அட்டையைப் போட்டு அதன்மேல் நோட்டை வைத்தேன். மூன்று முறை கிழித்தேன். ஒவ்வொரு முறையும் என்னையறியாமல் படித்த வரி வந்து உட்கார்ந்துவிடும். வானம் அழுகிறது என்று எழுதியிருப்பேன். அடித்தால் அடுத்த வரியில் அதுவே வேறு மாதிரி வரும். பத்தொன்பது புத்தகமும் கைக்குள் புகுந்துவிட்டது போல இருந்தது. எரிச்சலில் பேனாவை எறிந்தேன், அது பக்கத்து மேசை நேப்பாளிப் பெண்ணின் காபியில் விழுந்தது. துடைத்துக் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

கடைசியில் நாலு பக்கம் நின்றது. பெண்கள் பெரட்டில் நிற்கிறார்கள். மண்டோர் உள்ளங்கையை மரத்தில் வைக்கிறார். ஈரம். நிற்கிறார்கள். மறுபடியும் உள்ளங்கை. ஈரம். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி காயக் கூடாது என்று நிற்கிறாள். மூன்றாவது முறை உள்ளங்கை காய்ந்து வருகிறது. அவள் போகிறாள்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பினேன். மறுநாள் சார் கூப்பிட்டார்.

"இதுல ஒண்ணும் நடக்கலியேமா."

"ஆமா சார்."

"நிக்கிறாங்க, நிக்கிறாங்க, அப்புறம் போறாங்க."

"ஆமா சார். அப்படித்தான்."

"முதல் கதையே இருக்கட்டும்மா. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"அப்ப கதையே வேணாம் சார். எடுத்திடுங்க."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உடம்பு லேசாக இருந்தது. சார் வருத்தப்பட்டார். பக்கம் அடுக்கியாகிவிட்டது, அட்டையும் ஆகிவிட்டது, அவசரப்பட வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார். வீட்டில் கேட்டேன். அது தப்பு.

அம்மா கழுவி முடித்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"புத்தகம் வராதா அப்ப?"

"புத்தகம் வரும். என் கதை வராது."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டனே." தட்டைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த தட்டு. "போடட்டும்லா. மழைதானே. போட்டா என்னா இப்போ?"

அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை. சாருக்குப் போன் செய்து போடுங்கள் என்றேன். இதில் வேறு யார் மேலும் பழி சொல்ல முடியாது.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈப்போவில் ஒரு சின்ன மண்டபம். அட்டையில் ஒரு பெண், வாளி, சாய்ந்த கோடு கோடாக மழை. நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார். என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஐந்து புத்தகம் கொடுத்தார்கள். பேசச் சொன்னார்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். வேறு ஏதாவது சொல்லத் தொடங்கினால் மழையில் போய் நிற்கும் என்று தெரியும்.

தேநீர் நேரத்தில் சார் ஓர் அம்மையாரை அழைத்து வந்தார். பேராசிரியை என்றார். அவர் கையில் தட்டு, தட்டில் கறிபாப். என் அம்மாவுக்கு வணக்கம் சொன்னார்.

"நீங்கதான் அந்தக் கதையில வர்ற அம்மாவா? நிஜமாவே மழையில மரம் வெட்டினீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் தலையை ஆட்டியிருக்க வேண்டும். ஆட்டவில்லை.

"ஆமாங்க," என்றார் அம்மா. "மழையிலதான். என்னா பண்றது."

பேராசிரியை தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கையை எடுக்கத் தெரியாமல் நின்றார்.

பேருந்தில் திரும்பும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"ஒம் பேரு போட்டிருக்குல்ல," என்றார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கதையை எழுதியதே அம்மா செய்த வேலை சரியாக ஓரிடத்தில் இருக்கட்டும் என்று. இப்போது அம்மாவே அதை மாற்றிச் சொல்லிவிட்டார். எனக்காக. யாராவது மறுபடி கேட்டால் மறுபடியும் அப்படித்தான் சொல்வார்.

புத்தகம் ஐந்தில் ஒன்று உணவகத்துக்குப் போனது. ஒன்று சாமி மாடத்தில். ஒன்றை வேன் அக்காவுக்குக் கொடுத்தேன். நோட்டில் இருந்த நாலு பக்கத்தையும் தனித்தாளில் எழுதி, மடித்து, உள்ளே வைத்தேன். அக்கா அட்டையைப் பார்த்ததும் சிரிப்பார் என்று தெரியும். சிரித்தார்.

மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாலாவது நாள் காலையில் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து தாளை எடுத்தார்.

"மக படிச்சிக் காட்டுனா."

"ம்."

"நாங்களும் அப்படித்தான் நிப்போம். காயக் கூடாதுன்னு." கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி பேசினார். "ஆனா ஒண்ணு. மண்டோர் உள்ளங்கைய வைக்க மாட்டான்லா. பொறங்கையத்தான் வைப்பான். அவனும் முன்ன மரம் வெட்டுனவந்தானே, உள்ளங்கை உளி புடிச்சிக் காச்சுப் போயிருக்கும். ஈரம் தெரியாது."

அன்றைக்குப் பெட்டிக்கு நூறு என்று எண்ணிப் போடும்போது இரண்டு முறை எண்ணிக்கை தவறியது. அரைவாசிக்கு மேல் செயற்கை ரப்பரில் செய்த நீலக் கையுறை. அதில் மரத்துப் பால் ஒரு சொட்டும் கிடையாது. சூப்பர்வைசர் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"மண்டோர் மரத்துல எந்தப் பக்கம் கைய வச்சிப் பாப்பாரு?"

"பொறங்கைதான்."

"ஏன்மா அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கலியே."

நோட்டை எடுத்தேன். உள்ளங்கை என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் அடித்தேன்.